ஊவாத் தோட்டங்களில் விறைப்பு

ஊவாவில் எது எப்போது விறைக்கும் என்பதை உயரம் தீர்மானிக்கிறது. பதுளை நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். அங்கே சுவெட்டரோடு திரிபவர் மேலே ஏறப் போகிறவர் அல்லது இப்போதுதான் இறங்கியவர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். மார்கழி, தையில் விறைப்பின் முழு வீச்சையும் அங்கே காணலாம்.

முதலில் பலியாவது தேங்காய் எண்ணெய். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். லயத்துக் காம்பராவில் விடியற்காலை போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. ஈர்க்கால் குத்தி எடுப்பது பொறுமைசாலிகளின் வழி. அவசரக்காரர் அடுப்போரம் வைப்பார். பிளாஸ்டிக் போத்தலானால் எண்ணெய்க்கு முன் போத்தல் இளகிவிடும். பிள்ளையின் தலையில் கட்டியாக ஏறிய எண்ணெய் பள்ளிக்கூட வாசல் வரை வெள்ளையாகவே போய்ச் சேரும்.

கோதுமை மா ரொட்டி கல்லிலிருந்து இறங்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆற ஆற அதிலுள்ள மாப்பொருள் இறுகுகிறது, குளிரில் இன்னும் விரைவாக. விடியலில் சுட்டதை மலையில் பத்து மணிக்குப் பிரித்தால் சம்பலோடு நல்ல பல்லும் வேண்டும். பிளேன்டீயில் தோய்ப்பது ருசிக்காக என்பது விருந்தாளிக்குச் சொல்லும் விளக்கம்.

தேயிலைக் கொழுந்தின் கதை நேர்மாறு. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர். அந்த விறைப்போடு உருட்டினால் நொறுங்கிப் போகும். ஆகவே தொழிற்சாலையில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, 12 மணி நேரம் வரையோ அதற்கு மேலோ வாட்டுகிறார்கள். காம்பு முறியாமல் வளைந்தால் பதம். தோட்டத்தில் இத்தனை கரிசனத்தோடு படுக்க வைக்கப்படுவது கொழுந்து ஒன்றுதான்.

ஆட்கள் விறைப்பது காலையில் பேர் பதியும் பிரட்டுக் களத்தில். விரல்கள் குளிருக்கு விறைக்கும். கங்காணியின் முதுகு துரையின் ஜீப் சத்தத்துக்கு.

சம்பளப் பேச்சில் வரும் விறைப்புக்குக் குளிர் தேவையில்லை. 2015-இல் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளம் 1,000 ரூபா கேட்டன. கட்டுபடியாகாது என்று கம்பனிகள் நிமிர்ந்து நின்றன. 2021 மார்ச்சில் வர்த்தமானிதான் அதைக் கொடுத்தது: அடிப்படை 900, படி 100. கம்பனிகள் நீதிமன்றம் போயின. சம்பளம் அசைந்த கையோடு பல தோட்டங்களில் நாளுக்குப் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கும் அசைந்தது, மேல்நோக்கி.