தொப்பூர் இறக்கமும் துருப்பிடித்த தாங்கியும்

கேள்வி: என் பழைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில், பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கி துருப்பிடித்து விரிசல் விட்டிருக்கிறது. மேலே ஒரு பற்று வைத்துக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் இறங்கலாமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: வண்டி இறங்கிவிடும், ஐயா, சக்கரமும் அதனோடு சேர்ந்து இறங்கவேண்டுமே என்பதுதான் என் கவலை. துருவின்மேல் வைத்த பற்று, உளுத்த உத்தரத்தில் கட்டிய ஊஞ்சல். ஆகையால், பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டாங்கியையும் இறக்கி அப்புறப்படுத்திய பின்னர், துருவேறிய பாகத்தை நல்ல இரும்பு தென்படும்வரை நிர்தாட்சண்யமாக வெட்டியெறிந்து, அதே கனமுள்ள தகட்டைப் பொருத்திப் பற்றவைத்து, நைந்த ரப்பர் புஷ்ஷையும் மாற்றிய பிறகே பிரயாணத்தைத் தொடங்குங்கள். 1959-இல் பிறந்த டிரையம்ப் ஹெரால்டு காரின் வம்சமே 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர். அந்த ஹெரால்டு சென்னையிலும் தயாரானதால், அதன் சட்டத்தைக் கையாண்ட வயோதிக மிஸ்திரி எவரேனும் அகப்பட்டால் அவரை விட்டுவிடாதீர்கள்.