சேலம் தொகுதி: ஒரு பாகப்பிரிவினைக் கதை

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். பாராமகாலோடு சேலமும் கும்பெனி கைக்குப் போனது. சேலத்துக்காரனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வழக்கம் இன்றுவரை நல்லபடியாகத் தொடர்கிறது. நிர்வாகம் பார்க்க வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்தார்கள். அவர்கள் அளந்தது வரிக்கு. பின்னால் வந்தவர்கள் அளந்தது ஓட்டுக்கு.

எதைச் சோதித்துப் பார்ப்பதானாலும் முதலில் மாட்டுவது சேலம்தான். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது முதலில் காய்ந்தது இந்த ஜில்லாவின் தொண்டை. அவர் நகராட்சித் தலைவராக இருந்த ஊர் என்பதால் உரிமை எடுத்துக்கொண்டார் போலும். 1944-ல் நீதிக்கட்சியாகச் சேலம் மாநாட்டுக்கு வந்தவர்கள், திராவிடர் கழகமாக வீடு திரும்பினார்கள். ஊர்த்தண்ணி அப்படி.

இவ்வளவும் பார்த்த ஊர் 1952-ல் காங்கிரஸின் எஸ்.வி. ராமசாமியை டெல்லிக்கு அனுப்பியது. 1957, 1962 தேர்தல்களிலும் அவரே. மனிதர் ரயில்வே துணை அமைச்சராகக்கூட இருந்தார். ஆனாலும் சேலத்துக்கென்று தனி ரயில்வே கோட்டம் வந்தது 2007 நவம்பரில், அதுவும் கேரளத்தோடு மல்லுக்கட்டிய பிறகு. ரயில் லேட்டாக வருவது எந்த ஊரிலும் சகஜம்; கோட்டமே லேட்டாக வந்தது இங்கேதான்.

அடுத்து தி.மு.க., அ.தி.மு.க. என்று மாறி மாறி வந்து, 1984-ல் ரங்கராஜன் குமாரமங்கலம் கையில் தொகுதி நின்றது. அந்தக் குடும்பத்தை வைத்தே ஒரு நாடாளுமன்றம் நடத்தலாம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன், வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரி. ஒரு மகன் ராணுவத் தளபதி. இன்னொரு மகன் மோகன், கம்யூனிஸ்டாக இருந்து இந்திராவின் அமைச்சரானவர். மகள் பார்வதி கிருஷ்ணன் கடைசிவரை கம்யூனிஸ்ட். பேரன் ரங்கராஜன் காங்கிரஸ் சார்பில் சேலத்தில் மூன்று தடவை ஜெயித்துவிட்டு, 1998-ல் பா.ஜ.க. சார்பில் திருச்சியில் ஜெயித்தார். குடும்பத்தில் விட்டுப்போன கட்சியைத் தேடிப்பிடிப்பதுதான் சிரமம்.

அதே 1998-ல் சேலத்தில் ஜெயித்தவர் வாழப்பாடி ராமமூர்த்தி. தமிழ்நாடு காங்கிரஸுக்கே தலைவராக இருந்தவர், தனிக்கட்சி கண்டு வாஜ்பாய் அமைச்சரவையில் உட்கார்ந்தார். அவருக்குப் பெட்ரோலியம், ரங்கராஜனுக்கு மின்சாரம். ஆக, இந்தியாவின் கரண்டும் பெட்ரோலும் இரண்டு மாஜி காங்கிரஸ்காரர்கள் கையில். இரண்டு பேருமே சேலம் தயவில் எம்.பி. பட்டம் பார்த்தவர்கள். பதின்மூன்று மாதத்தில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்தது.

1999-ல் டி.எம். செல்வகணபதி இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். 2024-ல் அதே செல்வகணபதி அதே தொகுதியில் உதயசூரியனில் நின்று ஜெயித்தார். நடுவில் 2019-ல் இன்னொரு கூத்து. எடப்பாடி பழனிசாமி முதலமைச்சர், எடப்பாடி இதே தொகுதிக்குள், ஜெயித்ததோ தி.மு.க. பார்த்திபன். 2021-ல் மாநிலமே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோது சேலம் மாவட்டம் 11 இடங்களில் 10-ஐ அ.தி.மு.க. அணிக்குக் கொடுத்தது. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு. கொலுசு வாங்கும்போதே இரண்டு பட்டறை ஏறி இறங்கும் ஊருக்கு இது ஆச்சரியமில்லை.

இனி பூகோளம். பங்காளிகள் பாகம் பிரித்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? 1965-ல் தர்மபுரி தனிக்குடித்தனம் போனது. 1997-ல் நாமக்கல் முட்டையையும் லாரியையும் எடுத்துக்கொண்டு கிளம்பியது. மிச்சமிருந்த மாவட்டத்தை 2008 தொகுதி மறுவரையறை எம்.பி. கணக்கில் நான்காகப் பிய்த்தது. ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு ஆகிய ஆறுதான் சேலம் தொகுதி. மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில், எம்.பி. தர்மபுரிக்காரர். சங்ககிரி நாமக்கல்லோடு. கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு மூன்றும் கள்ளக்குறிச்சியோடு. சேலத்து மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கண்ணில் படுகிற ஏற்காட்டு மலைக்கு, எம்.பி. கள்ளக்குறிச்சியில்! நாமக்கல்லும் சும்மா தப்பவில்லை. அதன் குமாரபாளையம் ஈரோட்டுக்குப் போய்விட்டது.

மக்கள்தொகைக் கணக்கு சரியாக வரவேண்டும், அதற்காகத்தான் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் மனு எழுதி எடுத்துக்கொண்டு எந்த ஊர் பஸ் ஏறுவது என்று தெரியாமல் நிற்பவன் அந்தக் கணக்கில் எந்தக் கட்டத்தில் வருகிறான்?

அடுத்த மறுவரையறைப் பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. வரைபடம் வெளியானதும் ஆட்சேபம் சொல்ல நாள் கொடுப்பார்கள். மேட்டூர்க்காரரே, ஏற்காட்டுக்காரரே, இந்தத் தடவையாவது அந்த நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள். வேட்பாளர் தானாகக் கட்சி மாறிக்கொள்வார். மலையும் அணையும் நீங்கள் கேட்டால்தான் தொகுதி மாறும்.