ஈசான மூலை

புரட்டாசி பிறந்துவிட்டால் கரிசல்காட்டுப் பெரியவர்கள் ஆள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். வாய் நம்மோடு, கண் ஈசான மூலையோடு. அங்கே மின்னல் வெட்டினால் மழை உண்டு என்பது கணக்கு. பேரப்பிள்ளைகள் விதைப்பை விட்டுவிட்டார்கள். மூலை பார்க்கும் பழக்கத்தை விடவில்லை.

கோவில்பட்டியில் இப்போது தெருவுக்கு ஒருவன் இருக்கிறான். பெங்களூர் கம்பெனிக்கு மாடியறையிலிருந்தே வேலை பார்ப்பவன். ஐந்து மாதச் சேமிப்பில் கேம் விளையாடவென்று ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்திருப்பான். 32 ஜிபி ராம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், கண்ணாடிக் கேபினெட்டுக்குள் செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போட்டதுபோல் கலர் லைட். ஆனால் அவன் விளையாடி யாரும் பார்த்ததில்லை. திரையின் வலது மேல் மூலையில், மேப்பில் பார்த்தால் அதுவும் ஈசான மூலைதான், பச்சையாய் ஓர் எண் துள்ளிக்கொண்டிருக்கும். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்கிற எண். கார் பள்ளத்தில் விழட்டும், எதிரி முதுகில் சுடட்டும், அவன் கண் அதைவிட்டு இறங்காது.

"மாப்ள, லேக் ஆகுதுடா" என்று கூப்பிடுவான். நமக்கு எண்ணெய் போட்ட செக்குபோல் ஓடுவதாகத்தான் தெரியும். "இப்ப... இப்ப ஒரு இழு இழுத்துச்சே, பாத்தியா?" 'பாத்தேன்' என்று சொல்லும்வரை கீழே இறங்கவிடமாட்டான்.

உடனே டீக்கடையில் வைத்தியர் குழு கூடும். முதல் ஆள், யார் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்தச் சீக்கு வந்தாலும் "ஃபார்மட் அடிச்சிரு" என்பவன். அடுத்தவன், "மானிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டுல சொருகினியா, மதர்போர்டுல சொருகினியா?" என்று கேட்பான். கேட்பவனே எட்டு மாதம் மதர்போர்டில் சொருகி வைத்திருந்தவன்தான். மூன்றாமவன் கொஞ்சம் படித்தவன். 3200 என்று அட்டையில் போட்டிருக்கிற ராம், பயாஸில் ஒரு வரியை மாற்றாவிட்டால் 2133-லேயே படுத்துக் கிடக்கலாம் என்பான். நான்காமவன் திருப்புளியோடு வந்து கேபினெட்டைத் திறப்பான்.

உள்ளே அரைப்படி கரிசல். ஈரமில்லாத இந்தக் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் தழைத்தது. அதே காற்று ஃபேன் வழியாகப் புழுதியையும் கொண்டுவந்து சேர்க்கிறது. சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சித்திரை மதியத்தில் வேப்பமரத்தடிக்கு ஒதுங்குகிற சம்சாரிபோல. புழுதியை ஊதி, புதுப் பேஸ்ட் தடவி மூடுவார்கள். எண் ஏறும். "ஆனா நடுநடுவுல இழுக்குதே" என்பான்.

கடைசியில் தாத்தா மாடியேறி வருவார்.

"எய்யா, என்னதான் சீக்கு அதுக்கு?"

"ஆவரேஜ் 60 வருது தாத்தா. 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் வந்தா சரியா இருக்கும். இது 59 படத்தை அரை நொடியில கொட்டிட்டு, மிச்சம் ஒண்ணுக்கு அரை நொடி நிக்க வைக்குது. கணக்குல 60தான், கண்ணுக்கு நொண்டுது."

தாத்தா சிரித்தார். "இது நமக்குத் தெரிஞ்ச சீக்குதானய்யா. வருச மழை குறையலைன்னு ஆபீஸ்ல எழுதிருவான். கார்த்தியில நாலு நாள்ல பூராவும் கொட்டியிருக்கும். உளுந்து பூக்கையில ஒரு சொட்டு இருந்திருக்காது. ஆவரேஜ வச்சு அரைப்படி அள்ள முடியுமா?"

வைத்தியர் குழு வாயடைத்து நின்றது. இத்தனை பேரும் சொல்லாததைத் தாத்தா சொல்லிவிட்டார். ஆனால் மருந்து சொன்னது பத்தாவது படிக்கும் தங்கச்சி. "அண்ணே, கீழ என்ன இத்தனை ஓடுது?" சூட்டை அளக்க ஒன்று, ஃபேனை அளக்க ஒன்று, ராமை அளக்க ஒன்று, படத்தை எண்ண இரண்டு. நோயாளியின் ஒரே கையில் ஐந்து பேர் நாடி பிடித்தால் அவன் எப்படி நடப்பான்? ஐந்தையும் மூடினாள். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அண்ணன் பத்து நிமிடம் விளையாடினான். பிறகு நெளிந்தான். "நல்லா ஓடுதா இல்லையான்னே தெரியலையே" என்று முனகிக்கொண்டே எண்ணை மட்டும் மறுபடி மூலையில் ஏற்றினான்.

அன்று ராத்திரி நல்ல மழை. வெடித்துக் கிடந்த கரிசல் வாய் மூடுகிற அளவுக்குப் பெய்தது. தாத்தா திண்ணையில் சாரலில் நனைந்தபடி ஈசான மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாத்தா, மழை எப்படி?" என்று குடையோடு போனவன் கேட்டேன்.

"காணாது" என்றார்.

மாடியிலிருந்து பேரன் குரல் கேட்டது: "மாப்ள, 140தான்டா வருது. காணாது."