கம்பெனி விலைக்குக் கார்டு கிடைக்காது, மாமா

சான்டா கிளாரா, கலிபோர்னியா
ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டுவலி தேவலையா?

போனில் சொன்னீர்களே, “மருமவனே, பேரன் சரவணன் கேக்குற கார்டு பண்ற கம்பெனிக்காரன் எல்லாம் உங்க ஊர்லதானாம்ல. கம்பெனி வெலைக்கே ஒண்ணு வாங்கிட்டு வந்திரு” என்று. பாதி உண்மை. கேம் ஆடும் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு என்றால் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று மூன்று பேர்தான். மூவருக்கும் தலைமை அலுவலகம் இந்த சான்டா கிளாராவேதான். ஆனால் வாசலில் போய் நின்று “ஒரு கார்டு கொடுங்க” என்று கேட்க முடியாது. உள்ளே வரைபடம் போடுவதோடு சரி. நான் பார்த்த கார்டுகளுக்கெல்லாம் சிப் செய்வது தைவானின் டிஎஸ்எம்சி. வேறு கம்பெனிகள் அதை போர்டில் பதித்து, விசிறி மாட்டி, பெட்டியில் போட்டு அனுப்புகின்றன. ஆக, எங்கள் ஊர்ச் சரக்கு எங்கள் ஊருக்கே இறக்குமதியாகி வருகிறது. அதற்கு ஒன்பது சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி வேறு.

என்விடியாவின் ஜென்சன் ஹுவாங்கும் ஏஎம்டியின் லிசா சூவும் தைவானில் பிறந்தவர்கள், தூரத்துச் சொந்தம். சொந்தக்காரர்கள் எதிரெதிரே கடை போட்டால் நமக்கு விலை குறையும் என்றுதானே நினைப்போம்? இங்கே இரண்டு கடையும் நன்றாக நடக்கிறது. என்விடியா 1993-இல் பக்கத்து ஊரான சான் ஹோசேயில், டென்னிஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்து பேசி ஆரம்பித்தது. அந்தக் கடையில் காபி தீர்ந்தால் காசு வாங்காமல் மறுபடி ஊற்றுவார்கள். அந்த நல்ல பழக்கத்தை மட்டும் கம்பெனிக்கு எடுத்துப் போகவில்லை.

சரி, கடைக்குப் போனேன். கார்டுகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி ஒரு பையனிடம். 249 டாலர் இன்டெல் பி580-ஐக் கேட்டேன். “நல்ல கார்டு சார். இன்னும் 50 போட்டா என்விடியா 5060 வருமே” என்றான். அதைக் கையில் வாங்கியதும், “இதுல மெமரி 8 ஜிபிதான். இன்னொரு 50 போட்டா ஏஎம்டி 9060 எக்ஸ்டி, 16 ஜிபி” என்றான். அதற்கு மேல் 80 போட்டால் 5060 டிஐ 16 ஜிபி. இன்னும் 120 போட்டால் 5070. அங்கிருந்து வெறும் 50 போட்டால் 9070 எக்ஸ்டி. 249-க்கு வந்தவன் 599-இல் நிற்கிறேன்! உச்சியில் 1,999 டாலருக்கு 5090 வேறு. இதெல்லாம் கம்பெனி அறிவித்த விலை. கடைச் சீட்டில் சிலவற்றுக்குக் கூடவே எழுதியிருந்தது. நூல் சேலைக்கு வந்தவர்களை நீங்கள் ஜவுளிக் கடையில் பட்டுப் பக்கம் நகர்த்துவீர்களே, பையன் அதே கைவரிசைக்காரன்.

இதில் ஒரு வேடிக்கை. விலை ஏறினால் மெமரியும் ஏற வேண்டாமா? 549 டாலர் 5070-இல் 12 ஜிபிதான். 349 டாலர் 9060 எக்ஸ்டியில் 16. அதிலும், அந்த 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் வருகிறது, 16 ஜிபியிலும் வருகிறது. 5060 டிஐயும் அப்படியே. பெயரில் வித்தியாசம் கிடையாது, பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 50 டாலர் மிச்சம் என்று 8-ஐ எடுத்தால், புது கேம்களில் மெமரி நிரம்பி, மிச்சச் சரக்குக்கு கம்ப்யூட்டரின் மெமரியைத் தேடி ஓடும். ஆட்டம் திக்கித் திக்கி நகரும்.

“புது என்விடியா கார்டுல நொடிக்கு 200 படம் ஓடும் சார்” என்றான் பையன். அது ஒரு படத்தை நிஜமாக வரைந்து, இடையில் மூன்று படம் வரை ஊகித்தே சொருகும். விளம்பரக் கணக்கில் அவையும் சேர்த்தி. சரவணனுக்குப் போன் போட்டேன். அவனுடைய மானிட்டர் 1080பி. நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. இருநூறைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் கண்ணுக்கு வருவது அறுபது! 5090 ஒன்றே 575 வாட் இழுக்கும். அவனிடம் இருக்கிற பவர் சப்ளையே 450 வாட்.

ஆகவே 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. 160 வாட்டில் ஓடும், அவன் பவர் சப்ளை தாங்கும். நாளைக்குப் பெரிய மானிட்டர் வாங்கினாலும் சமாளிக்கும். கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். விசிறி இரண்டா மூன்றா என்பதைப் பொறுத்துக் கார்டின் நீளம் மாறும். கார்டைக் கைப்பையில் கொண்டுவருகிறேன். பெட்டி முழுக்க அத்தை கேட்ட பாதாமும் விட்டமின் மாத்திரையும்தான்.

இதற்குள் சரவணன் உங்களிடம் வருவான். “தாத்தா, இன்னும் கொஞ்சம்தான், மாமாட்ட சொல்லி 5070 டிஐ வாங்கித் தரச் சொல்லுங்க” என்பான். அந்தக் கொஞ்சம் 400 டாலர். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர் நீங்கள். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் எழுத வேண்டியதில்லை.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்