தவறிய மானும் தாங்கும் விலையும்: பென்சில்வேனிய வேட்டை ஸ்கோப் குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர், கையைக் கடிக்காத விலையில் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வெல்லை வருமாறு: வெண்வால் மான், ரைஃபிள், நவம்பர் கடைசி, 300 டாலருக்கு உட்பட்ட கண்ணாடி. வில்லும் அம்பும் விலக்கப்பட்டன. தமிழ்நாடும் விலக்கப்பட்டது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே மானை நோக்கி ஸ்கோப்பைத் திருப்பினால் வனத்துறை நம்மை நோக்கித் திரும்பும். அங்கே கதை வேறு. ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முறைப்படி வேட்டை உரிமம் வாங்குகிறார்கள். நன்றி நவிலும் நாளை அடுத்து வரும் திங்கட்கிழமை ரைஃபிள் சீசன் தொடங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடமே கிடையாது. 2019இல் அந்தத் தொடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தால் நம்மூரில் எப்படி முகம் சுளிப்பார்களோ, அப்படிச் சுளித்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

கள ஆய்வு மேற்கொள்ளப்படவில்லை. விடிவதற்கு முன் ஓக் மரத்தின் மீது கட்டிய பலகையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வினாநிரலை நீட்டுவது ஆய்வறத்துக்கும் ஆயுளுக்கும் ஏற்றதன்று.

இனிக் கருதுகோள். குறி தப்பிய ஒவ்வொரு மானுக்கும் இவ்வளவு என்று ஒரு பழி உண்டு. அந்தப் பழியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. சுட்டவருக்கும் ஸ்கோப்புக்கும் இடையே பங்கு பிரிக்கத்தான் முடியும். இதைப் 'பழி அழியா விதி' என்போம். ஆஸ்திரியாவில் செய்த 1500 டாலர் கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு மானைத் தவறவிட்டவர், 'கண்ணாடி சரியில்லை' என்று வாயெடுக்க முடியாது. பழி முழுவதும் அவர் தலையில். 40 டாலர் ஸ்கோப் பெருந்தன்மையோடு எல்லாப் பழியையும் தானே ஏற்கும். ஆனால் 'அதை உன்னை யார் வாங்கச் சொன்னது?' என்ற ஒரே கேள்வியில் அந்தப் பழி வட்டியும் முதலுமாகத் திரும்பிவரும். ஆகவே, பழி சரிபாதியாகப் பிரிகிற விலை எதுவோ அதுவே தாங்கும் விலை என்று கொள்ளப்படுகிறது. மான் கறி எத்தனை கிலோ தேறும் என்ற பொருளாதார வாதத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் யாரும் காட்டுக்கே போகமாட்டார்.

முன்னாய்வுகளைப் பார்க்குமிடத்து, இத்துறையின் முதல்வர் ஒரு சிலந்தி. 1640 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞரின் தொலைநோக்கிக்குள் அது இழை ஓட்டிவிட்டது. பார்க்கும் பொருளும் இழையும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவதை அவர் கவனித்தார், குறுக்குக்கோடு பிறந்தது. சிலந்தி கூலி கேட்கவில்லை என்பதால் இன்றுவரை இதைவிட மலிவான குறுக்குக்கோடு வரவில்லை. அவருக்கு முன்பே, 1611இல், கெப்ளர் இரண்டு குவிவில்லைகளைக் கொண்ட அமைப்பை விளக்கியிருந்தார். அது உருவத்தைத் தலைகீழாகக் காட்டும். வானியலாருக்கு அதனால் நட்டமில்லை. நிலவைத் தலைகீழாகப் பார்த்தாலும் நிலவுதான். மான் கால்களை மேலே தூக்கிக்கொண்டு மேய்ந்தால் வேட்டைக்காரர் கலங்கிவிடுவார். அதை நிமிர்த்த நடுவில் இன்னும் சில லென்ஸ்கள் வேண்டும். ஸ்கோப் விலையில் ஒரு பங்கு, மானை நிமிர்த்தும் கூலி.

விலை என்ற கோணத்தில் முதலில் சிந்தித்தவர் பில் வீவர். 1930இல் '330' என்ற ஸ்கோப்பை, அதைத் துப்பாக்கியில் பொருத்தும் மவுண்ட்டோடு சேர்த்து 19 டாலருக்குக் கொடுத்தார். பின்னர் டெக்சஸின் எல் பாசோவில் தொழிற்சாலை வைத்தார். அதுவரை சீமான்களின் துப்பாக்கியில் மட்டும் இருந்த பொருள், கொட்டகையில் மாட்டிவைத்த துப்பாக்கிக்கும் வந்தது. அடுத்தவர் ஆரிகானைச் சேர்ந்த மார்க்கஸ் லியூபோல்ட். மானைக் குறிபார்த்த நேரத்தில் ஸ்கோப்பின் உள்ளே பனி படிந்துவிட, மான் போய்விட்டது. எல்லாரும் இந்த இடத்தில் ஸ்கோப்பைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் குடும்பமோ நில அளவைக் கருவிகள் செய்கிற குடும்பம். குழலுக்குள் இருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றி நைட்ரஜனை அடைத்து, 1947இல் பனி படியாத ஸ்கோப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பழியை முதலீடாக மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இவ்வாய்வாளருக்குக் கிடைக்கவில்லை. இன்று நூறு டாலர் சரக்கிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே 'உள்ளே பனி பிடித்துவிட்டது' என்ற சாக்கு ஏறக்குறைய வழக்கொழிந்தது. 'நானே மூச்சு விட்டுப் பின் லென்ஸை மறைத்துக்கொண்டேன்' என்பது இன்னும் வழக்கில் உள்ளது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இப்போது மையப் பொருளுக்கு வருவோம். கடையில் எந்தத் தட்டில் கைவைத்தாலும் அகப்படுவது '3–9×40' என்று அச்சிட்ட ஸ்கோப். மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும். முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். வாங்குகிறவர் ஒன்பதுக்குத்தான் காசு கொடுக்கிறார், மூன்று இலவச இணைப்பு. ரைஃபிளில் பூட்டுவதற்கு முன் சன்னலோரம் நின்று எதிர்க் கூரையின் ஓடுகளை ஒன்பதில் வைத்து எண்ணிப் பார்ப்பார். அந்த ஒரு நாள் இன்பத்தை ஆய்வுலகம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

காட்டிலே நடப்பது வேறு. கிழக்கத்திய காடுகளில் மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான் சுடப்படுகிறது. ஒன்பதில் வைத்தால் நூறு கெஜத் தொலைவில் கண்ணுக்குள் அடங்குகிற அகலம் சுமார் 12 அடி. முப்பது கெஜத்தில் நான்கடிகூட இல்லை. மூக்கு முதல் வால் வரை ஒரு மான் அதற்குள் கொள்ளாது. தெரிவது பழுப்பு மயிர் மட்டும். அது தோளா, தொடையா, காய்ந்த பெரணிப் புதரா என்று குழலை இப்படியும் அப்படியும் ஆட்டுவதற்குள் வெள்ளை வால் இரண்டு தரம் மின்னி மறையும். மூன்றில் வைத்திருந்தால் முழு மானும், அதன் பின்னால் நிற்கும் இன்னொரு மானும் தெரிந்திருக்கும்.

பெரிதாக்கினால் இலக்கை நன்றாக அடையாளம் காணலாமே எனின், அற்றன்று. குண்டு போட்ட ரைஃபிளைத் திருப்பி 'அது என்ன' என்று பார்ப்பது அந்த மாநிலத்தில் கொலைக்குச் சமமான அநாகரிகம்; அதற்குப் பைனாகுலர் இருக்கிறது. இலக்கு இன்னதென்று தெரியாமல் எய்தவர் கதி என்ன என்பதை நம் மரபு தசரதனை வைத்தே சொல்லிவிட்டது. யானை நீர் குடிக்கும் ஓசை என்று எய்தார். போய்ப் பார்த்தால் குடத்தோடு முனிகுமாரன். பென்சில்வேனியா இதைச் சட்டம் போட்டுத் தடுக்கிறது: தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சுத் துணி. மானின் கண்ணுக்கு அந்த ஆரஞ்சு எடுபடாது. அந்த முனிகுமாரனுக்கு ஒரு ஆரஞ்சுத் தொப்பி இருந்திருந்தாலும், ஒலியை மட்டும் கேட்டு எய்கிற வித்தைக்கு முன் அது உதவியிருக்காது என்ற மறுப்பும் பதிவு செய்யப்படுகிறது.

வெளிச்சம் அடுத்தது. சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி பின்பு வரை சுடலாம். மான் நடமாடுவதும் அந்தக் கருக்கலில்தான். முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்க எண்ணால் வகுத்தால், கண்ணில் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். நாற்பதை ஒன்பதால் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். இளங்கண்ணின் பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும். அறுபது வயதில் பலருக்கு ஐந்தைத் தாண்டுவதே பெரும்பாடு. கடைக்காரர் 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தூக்கிக் காட்டி, இது வெளிச்சத்தை வாரிக் குடிக்கும் என்பார். குடிக்கட்டும், ஒன்பதில் அது தருவது 5.6. பெரியவர் கண்ணுக்குள் ஐந்துதான் நுழையும். மீதி வாசலோடு நின்றுவிடும். பழைய நாற்பதையே வைத்துக்கொண்டு பெருக்க வளையத்தை ஒன்பதிலிருந்து ஆறுக்குத் திருப்பினால் 6.7 கிடைக்கிறது. செலவு, இரண்டு விரல்.

ஆனால் பூச்சு விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு லென்ஸ், பன்னிரண்டு பரப்பு என்று வைத்துக்கொண்டால் மறுமுனைக்கு வந்து சேர்வது 61 சதவீதம். பரப்பெல்லாம் பல அடுக்குப் பூச்சு இருந்தால் தொண்ணூறைத் தாண்டும். பெட்டியின் மேல் நான்கு விதமாக அச்சிடுவார்கள்: 'பூச்சுடையது', 'முழுப்பூச்சுடையது', 'பல அடுக்குப் பூச்சுடையது', 'முழுதும் பல அடுக்குப் பூச்சுடையது'. முதலாவதற்கு எங்கோ ஒரு பரப்பில் ஒரு கோட்டிங் இருந்தால் போதும். மூன்றாவதைப் படித்துவிட்டு எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு என்று நினைத்து வாங்குகிறவர்களை நம்பியே சில கம்பெனிகள் பிழைக்கின்றன. நான்காவது இல்லாத பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

குறுக்குக்கோட்டைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்துகிற 'சுழியிடும்' சடங்கில்தான் மலிவின் குணம் வெளிப்படும். நூறு கெஜத்தில் காகித இலக்கு. மணல் மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து மூன்று குண்டு. மூன்றும் மையத்துக்கு நான்கு அங்குலம் கீழே, இரண்டு அங்குலம் இடப்பக்கம். குறியைத் திருத்தும் குமிழில் ஒரு கிளிக்குக் கால் அங்குலம். மேலே பதினாறு, வலப்பக்கம் எட்டு. குமிழ் 'டிக் டிக்' என்று மரியாதையாகச் சத்தம் போடும். அடுத்த குண்டு அதே இடத்தில். இன்னும் நான்கு கிளிக், அதே இடம். ஐந்தாவது குண்டின் உதையில், உள்ளே சிக்கிக்கொண்டிருந்த கிளிக்குகள் எல்லாம் மொத்தமாக விடுபட்டு, அடுத்த துளை மையத்தைத் தாண்டி மேலே போய்விடும். பழகியவர்கள் குமிழைத் திருகியதும் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டுவது இதற்காகத்தான். இருபது குண்டுப் பெட்டி காலியாகும்போது, ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி புகையாகப் போயிருக்கும். கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி தராத ஸ்கோப் என்றால், .30-06 ரைஃபிள் உதைத்த உதையில் புருவத்தில் பிறை வடிவில் ஒரு தழும்பு இலவசம்.

இவ்வளவு பாடும் ஒரு காகிதச் சாப்பாட்டுத் தட்டுக்காக. மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறத்தாழ அந்த அளவுதான், எட்டு ஒன்பது அங்குலம். பயிற்சிக்கு அந்தத் தட்டையே மரத்தில் குத்திச் சுடுகிறார்கள். நூறு கெஜத்தில் ஒரு தட்டைத் தொட, மயிரிழைத் துல்லியம் எதற்கு? இன்று வைத்த இடத்தில் நாளையும் குறுக்குக்கோடு நிற்க வேண்டும். அந்தக் குணம் 150 டாலரிலிருந்து 300 டாலருக்குள் கிடைத்துவிடுகிறது. ரைஃபிளுக்குக் கொடுத்த அளவு கண்ணாடிக்கும் கொடு என்பது பழைய வாக்கு. ரைஃபிள் 2000 டாலர் என்றால் இந்த வாக்கு யாருக்கு லாபம் என்பது வெளிப்படை. நிற்காத ஸ்கோப் என்று திட்டு வாங்குபவற்றில் பல, மவுண்ட்டின் திருகு தளர்ந்தவை. திருகுக்குப் பழியேற்கும் வயது வரவில்லை.

பழி அழியா விதிக்கு வந்த பெரிய சோதனை உத்தரவாதம். விஸ்கான்சினைச் சேர்ந்த வோர்டெக்ஸ் போன்ற கம்பெனிகள் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கின்றன: ரசீது வேண்டாம், எத்தனையாவது கை மாறியது என்ற கேள்வி இல்லை, உடைந்தால் சரிசெய்வார்கள், இல்லையேல் மாற்றித் தருவார்கள். இருநூறு டாலர் ஸ்கோப்புக்கும் இதே சலுகை. கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஸ்கோப் கெட்டுவிட்டது' என்று சொன்னவரிடம் கூட்டாளிகள், 'அனுப்பிவை, மாற்றித் தருவார்கள்' என்பார்கள். அனுப்பியது பழுதில்லை என்ற சீட்டோடு திரும்பிவந்தால் பழி பங்கு பிரியாமல் முழுசாக வீடு வந்து சேரும். விவரம் தெரிந்தவர்கள் அனுப்புவதே இல்லை.

கருதுகோளை உடைக்கும் சான்று கடைசியில்தான் கிடைத்தது. வேட்டைக்காரர்கள் கூட்டாகத் தங்கும் காட்டுக் குடில்களைக் 'கேம்ப்' என்பார்கள். பென்சில்வேனியாவிலும் வேறு மாநிலங்களிலும் அங்கே ஒரு பழைய வழக்கு உண்டு: மானைத் தவறவிட்டவரின் சட்டையில், பின்பக்கம் தொங்கும் வால்பகுதியைக் கத்தரித்து, அவர் பெயரும் நாளும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். கல்வெட்டுக்கு நிகரான முதன்மைச் சான்று இது. சுட்டவர் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. ஸ்கோப் என்ன விலை, வளையம் ஒன்பதில் இருந்ததா மூன்றில் இருந்ததா, திருகு தளர்ந்ததா, இதையெல்லாம் எந்தத் துண்டுத் துணியும் கேட்பதில்லை. கேம்பின் தீர்ப்பில் பழி பிரிபடாது. 40 டாலர்க்காரருக்கும் 1500 டாலர்க்காரருக்கும் ஒரே கத்தரிக்கோல்.

எனவே மேலாய்வுக்குரிய களம் ஒன்று முன்மொழியப்படுகிறது. 1830இல் தொடங்கிய வூல்ரிச் கம்பெனியின் கறுப்பு சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைதான் பென்சில்வேனிய வேட்டையின் பாரம்பரிய உடுப்பு. அந்த மாநிலத்து ஆலையே 2018இல் மூடப்பட்டது. நல்ல நிலையில் அப்படி ஒரு பழைய சட்டை கிடைப்பது அரிது. ஸ்கோப்பில் எவ்வளவு மிச்சம் பிடிப்பது என்று யோசிப்பவர், கேம்புக்குப் போகும்போது எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்று முதலில் யோசிக்கலாம். தாத்தாவின் வூல்ரிச்சை வீட்டில் விட்டுவிட்டு, தள்ளுபடிக் கடையில் வாங்கிய பனியனோடு போகிறவர்களின் குறி எப்படி அமைகிறது என்பது இன்னும் ஆராயப்படவில்லை.