சர்வர் அண்ணன்

விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் காலை எட்டு மணிக்கு ஒருவர் நிற்பார். பையின் ஜிப் இடுக்கில் நீல ஒயர் எட்டிப் பார்க்கும். பேர் எதுவானால் என்ன? ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கும் இந்த இனத்துக்குச் 'சர்வர் அண்ணன்' என்று பெயர். பெண் பார்க்கப் போனபோது, "எந்த ஹோட்டல்ல?" என்று மாமனார் கேட்டாராம். விளக்கிச் சொன்ன பிறகுதான் மனிதர் ரொம்பவே யோசித்தார்.

போன் அடிக்கும். ஆம்பூர் கம்பெனி பாய்.

"ஜெர்மனிக்கு மெயில் போவல தம்பி. ஷூ அப்பர் சாம்பிள் ரெடி, பதில் சொல்ல முடியல."

"வர்றது வருதா பாய்?"

"நல்லா வருது."

"அப்ப கார்டுதான்."

பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் நோயைக் கண்டுபிடித்துவிடுவார். மருந்து மட்டும் ஆம்பூரில்தான். கத்தரிக்காய்ப் பச்சடியோடு பிரியாணி உள்ளே இறங்காமல் அவர் கீபோர்டைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

மெயில் கேட்வே பெட்டியில் மூன்று லேன் கார்டு. ஒன்று உள்ளே, ஆபீசுக்கு, 192.168 என்று தொடங்கும் முகவரி. மற்ற இரண்டும் வெளியே, இரண்டு இன்டர்நெட் லைனுக்கு. ஒன்று படுத்தால் மற்றது ஓடட்டும் என்று முதலாளி செய்த ஏற்பாடு. அவருடைய மச்சான் பையன் இரண்டுக்குமே டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, கொடுத்துவைத்திருந்தான். இந்தக் கம்பெனி மெயில் இங்கிருந்துதான் வரும் என்று ஊரறியச் சொல்லும் எஸ்பிஎஃப் ரெக்கார்டிலோ முதல் லைன் முகவரி மட்டும். மெயில் இரண்டாவது லைனில் கிளம்ப, ஜெர்மனிக்காரன் சர்வர் வாசலிலேயே திருப்பிவிட்டது.

"இ-வே பில்லுல ஒரு லாரி நம்பர், ரோட்டுல வேற லாரி. செக்கிங்ல விடுவானா பாய்?"

பாய்க்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இந்த உவமைக்கே தனியாக பில் போடலாம்.

ஒரு லைனை முதல் வழியாக்கி, மற்றதன் மெட்ரிக்கைக் கூட்டி, முதலாவது விழுந்தால் மட்டும் எழுந்திருக்கச் செய்து, இரண்டு முகவரியையும் ரெக்கார்டில் சேர்க்க வேண்டும். அரை மணி வேலை. அரை மணியில் முடித்தால் யார் காசு கொடுப்பார்கள்? மூன்று மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்து 'ச்சு' கொட்டுவார். கடைசியில் ரீஸ்டார்ட். ஊர்ச்சாமி மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணை வருகிறவர் ஆயிற்றே. பெட்டிமேல் கொஞ்சம் விபூதி. பாய் "பிஸ்மில்லா" என்று எண்டரைத் தட்டுவார். மெயில் போய்விடும்.

காசு அவ்வளவு சுலபமாக வராது. போகாத மெயிலை, அதை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் ஐந்து நாள் கியூவில் வைத்து முயன்றுவிட்டுக் கைகழுவிவிடும். அண்ணனின் பில் ஐந்து மாதமாகக் கியூவில் இருக்கிறது.

அதனால்தான் வீட்டில் மட்டும் வந்த வழியாகவே போக வேண்டும் என்ற தம் சித்தாந்தத்தை அவர் தளர்த்திக்கொண்டார். சீட்டுக்காரர் முன்வாசலில் குரல் கொடுத்தால், இவர் பின்வாசல் வழியே பாலாற்றுப் பக்கம் இறங்கிவிடுவார். வருகிற வழி ஒன்று, போகிற வழி ஒன்று. சர்வரில் வேறு யாராவது இப்படி வைத்திருந்தால் மூன்று தலைமுறையையும் சேர்த்துத் திட்டுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்காரர் தம்பியோடு வந்தார். முன்வாசலில் குரல் கொடுத்தது தம்பி.