வினவி ஓடுதல்: நன்னூலார் விட்டுவைத்த ஏழாம் வினா

வினா ஆறு வகைப்படும் என்று 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்; போதவில்லை என்று யாரும் புகார் சொன்னதில்லை. அவர் காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தண்டலத்தில் கொரியர் இல்லாததே காரணம்.

இப்போது இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் வேலை தொடங்கி, 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. பிறகு ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர். கொரியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்று வந்திறங்க, தெருப்பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்க ஆள் கிடைத்தது. ஆய்வுக்களம்: டீக்கடை வாசல். ஆய்வுக்கருவி: ஒரு டீ, ஆறினால் இன்னொன்று.

மூலவினா: "ஹாய் அங்கிள், வாட் இஸ் யுவர் நேம்?" இதை ஆறில் எதில் அடக்குவது? அறிவினா அன்று, வாத்தியார்போல விடை தெரிந்து கேட்கவில்லை. அறியாவினாவும் அன்று, அறிய வேண்டியவன் பதிலுக்கு நிற்பான், இவன் நிற்பதில்லை. வாங்கவோ கொடுக்கவோ ஏவவோ எண்ணமில்லை. ஐயம் துளியும் இல்லை. எனவே இதற்கு 'ஓட்டவினா' எனப் பெயரிடுகிறேன். இலக்கணம்: விடை பிறக்கும்போது வினவியவன் பத்தடி தள்ளி இருத்தல், அங்கிருந்து சிரித்தல்.

விடையில் மட்டும் நன்னூலார் அசைக்க முடியாதவர். அவர் சொன்ன எட்டு வகையில் பல இங்கே நடமாடுகின்றன. "சைனாவா?" என்றால் "நோ, நோ, கொரியா" என்பது மறைவிடை. "ஒரு செல்ஃபி?" என்றால் "ஓகே" என்பது நேர்விடை. "விச் கண்ட்ரி?" என்றதற்கு ஒருவர் "ஹூண்டாய்" என்றார். கேட்டதைச் சொல்லாமல் அதற்கு இனமானதைச் சொன்னார்; இனமொழிவிடைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உரையாசிரியர்களிடம்கூட இல்லை. பையனும் திருப்தியாகத் தலையாட்டினான்.

இந்த எட்டில் வினா எதிர் வினாதல்தான் ஆபத்து. "யுவர் நேம்?" என்று அங்கிள் திருப்பிக் கேட்டதும் கேட்டவன் அக்காவின் பின்னால் ஒளிகிறான். அக்காவோ பெயர், வகுப்பு, தம்பி நேற்று வாங்கிய அடி வரை சொல்லிவிட்டு, "எங்கப்பாவும் உங்க கம்பெனிதான், கான்ட்ராக்ட்" என்று முடிக்கிறாள். கம்பெனி கேட்டுக்கு உள்ளே அப்பாவுக்கு அவர் சார். கேட்டுக்கு வெளியே மகளுக்கு அங்கிள். எந்த மனிதவளத் துறையும் இன்னும் கண்டுபிடிக்காத பதவி உயர்வு இது.

ஓட்டவினா தீரும் இடம் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட். பந்து பொறுக்கிக் கொடுத்த கொரியரிடம் மட்டையையும் கொடுத்துவிடுகிறார்கள். அவர் பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர்; அடித்ததும் மட்டையை வீசிவிட்டு ஓடுகிறார். மட்டை இல்லாமல் ஓடினால் அவுட் என்பது தெருச்சட்டம். கிரிக்கெட் விதிநூலில் அப்படி எதுவும் இல்லை. தெருவுக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை. வழக்கு விசாரிக்கப்பட்டது. ஒரு சாரார் அவுட் என்றனர்; மறுசாரார் அவர் ஊரில் அப்படித்தான் என்றனர். விக்கெட் கீப்பர் தீர்ப்பளித்தான்: "கொரியா அங்கிளுக்கு மட்டும் செல்லாது. ஆனா மட்டைய என் கால்ல போடக் கூடாது."